வீடும் பொழுதுபோக்கும்

அல்சைமர் நோய்க்கான புதிய மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க உலகெங்கும் பயன்படுத்தப்படும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1982-இல் வெளியிட்டது. ஆய்வுக்களத்தில் வேலை செய்பவர்கள் இதைச் சி.டி.ஆர். என்றே சொல்கிறார்கள். ஒரு தாளில் அடங்கிவிடும் அட்டவணை அது. அதில் ஆறு பகுதிகள்: நினைவு, காலமும் இடமும் அறிதல், முடிவெடுத்தலும் சிக்கல் தீர்த்தலும், வெளியுலக ஈடுபாடு, வீடும் பொழுதுபோக்கும், தன் உடலைத் தான் பார்த்துக்கொள்ளுதல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆறையும் கூட்டினால் அதிகபட்சம் 18. எண் ஏற ஏற நோய் முற்றுகிறது என்று பொருள்.

தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு இந்த அட்டவணையில் என்ன வேலை என்று கேட்கலாம். என்னிடம் படித்த பெண்கள் சிலர் இப்போது மருத்துவ ஆய்வுகளில் களப்பணியாளர்களாகவும் ஒருங்கிணைப்பாளர்களாகவும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, ஒரு படிவத்தின் தமிழைச் சரிபார்த்துத் தரச் சொல்லி வந்தபோதுதான் இவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். ஐந்தாவது பகுதியின் தலைப்பில் நின்றுவிட்டேன். வீடும் பொழுதுபோக்கும். இரண்டும் எப்படி ஒரே கட்டத்துக்குள் வந்தன? அலுவலகம் போய்த் திரும்பி வருகிறவருக்கு வீடு இளைப்பாறும் இடம். தோட்டத்தில் செடி வைப்பதும் பழுதான மின்விசிறியைச் சரிசெய்வதும் அவருக்குப் பொழுது போகச் செய்கிற வேலைகள். சமையலும் துவைப்பும் தண்ணீர் பிடிப்பதுமே வாழ்நாள் வேலையாக இருந்த ஒருத்திக்கு வீடு எந்தக் காலத்தில் பொழுதுபோக்காக இருந்தது? சம்பளம் வாங்கும் வேலை நான்காவது கட்டத்தில், கடைக்குப் போவதோடும் ஊர்க் காரியங்களோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கு ஐந்தாவது கட்டத்தில், அதுவும் பாதி இடம்தான்.

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது தமிழாசிரியர்களின் பழக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. லெக்கனமாப் என்ற மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு ஆதாரமான சோதனையில் 1,795 பேர் பங்கேற்றார்கள். பதினெட்டு மாத முடிவில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இந்த 18 மதிப்பெண் அளவுகோலில் இருந்த வேறுபாடு 0.45. நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்று செய்திகள் சொன்னதும் இந்த எண்ணைத்தான். நோய் நின்றுவிடவில்லை, கொஞ்சம் மெதுவாகியது. ஒரு மருந்தின் தலையெழுத்து அரை மதிப்பெண்ணில் தீர்மானமாகும்போது, அந்த மதிப்பெண் எந்தக் கேள்வியிலிருந்து வந்தது, அதற்குப் பதில் சொன்னது யார் என்று கேட்பது நியாயம்தானே.

பதில் சொல்வது நோயாளி மட்டுமல்ல. மறதி உள்ளவரின் சொல்லை மட்டும் நம்ப முடியாது என்பதால், அவருடன் நெருங்கிப் பழகும் இன்னொருவரிடம் தனியாக அமர்ந்து கேட்கிறார்கள். ஆய்வு மொழியில் அவருக்கு ‘ஆய்வுத் துணைவர்’ என்று பெயர். அப்படி ஒருவர் இல்லாதவரை இந்த மருந்துச் சோதனைகளில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதே இல்லை. அந்தச் சோதனையில் லெக்கனமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அழைத்து வர ஓர் ஆள் வேண்டும். இரவில் தலைவலி என்று சொன்னாலோ, நடை தடுமாறினாலோ கவனித்துச் சொல்லவும் அதே ஆள் வேண்டும்.

எங்கள் பகுதியில் அந்த ஆள் யாராக இருப்பார் என்பதை ஊகிக்கப் புள்ளிவிவரம் தேவையில்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். இளம் வயதில் தோல் ஷாப்பில், ஈரத்தோலை வெயிலில் விரித்துக் காயவைத்து எடுக்கும் வேலை செய்தவர். மருமகள் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் சமைத்து, மாமியாரைக் குளிக்கவைத்து, வாசல் கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடுவாள். பாட்டி பகலில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, தோல் காயப்போடப் போக வேண்டும், மழை வருகிறது என்று கூப்பிடுவார். மருத்துவ ஆய்வு எதிலும் அவர் இருந்ததில்லை. இருந்திருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருநாள் கூலியை இழக்க வேண்டியவள் அந்த மருமகள்தான். அவள் சொல்லும் பதில்கள் எண்ணாகும். எண் கட்டுரையாகும். கட்டுரையில் அவள் பெயரில்லாத ‘தகவலாளர்’.

இந்த நோயின் கதையே தகவலாளர் ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1901 நவம்பர் 25 அன்று, பிராங்க்பர்ட் மனநல விடுதியில் அகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். கணவர் ரயில்வே எழுத்தர். மனைவியிடம் வந்த மாற்றங்களாக அவர் சொன்னவற்றுள் இரண்டு கவனிக்கத்தக்கவை: காரணமில்லாமல் தன்மேல் சந்தேகப்பட்டாள், சமையலில் தவறு செய்யத் தொடங்கினாள். அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை எழுதி வைத்தார். கணவர் பெயர் என்ன என்று கேட்டதற்கும் அவர் தன் பெயரையே சொன்னார். தன் பெயரை எழுதச் சொன்னபோது ‘திருமதி’ என்பதோடு கை நின்றுவிட்டது. 1906 ஏப்ரலில் அவர் இறந்தார். மூளை அல்சைமரிடம் அனுப்பப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று டியூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் அவர் அதைப் பற்றிப் பேசினார். 1910-இல் எமில் கிரேப்பெலின் தன் பாடநூலில் நோய்க்கு மருத்துவரின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெண்ணின் கோப்பு பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்து 1995-இல்தான் கிடைத்தது. தன் மூளை ஆராயப்படலாமா என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க வழியில்லை. முதல் நோயாளியின் நோய் சமையலறையில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். அந்தச் சமையலறைதான் பின்னாளில் பொழுதுபோக்கோடு சேர்ந்து அரைக் கட்டமானது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1998-இல் கொச்சியில் நடந்த ஒரு கூட்டத்தில் 10/66 என்ற ஆய்வுக்குழு உருவானது. அன்றைய கணக்குப்படி, மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் இருந்தார்கள். ஆனால் மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. அந்தக் கணக்கையே குழு பெயராக வைத்துக்கொண்டது. இந்தியாவில் அவர்கள் தேர்ந்த இடங்கள் இரண்டு: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் இங்கே பொறுப்பேற்றார். 65 வயதைத் தாண்டிய ஏறக்குறைய ஆயிரம் பேரைக் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சந்தித்தார்கள்.

2008-இல் லான்செட் இதழில் பல நாடுகளின் முடிவுகள் ஒன்றாக வந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி கணக்கிட்டால், கியூபாவில் முதியோரில் 6.3 சதவீதம் பேருக்கு மறதிநோய். கிராம இந்தியாவில், அதாவது நம் வேலூர்க் கிராமங்களில், வெறும் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர்.

இந்த 0.3-ஐ வைத்துக்கொண்டு, நம் ஊர் உணவும் கூட்டுக் குடும்பமும் நோயைத் தடுக்கின்றன என்று மேடையில் பேசிவிடலாம். ஆய்வாளர்கள் அப்படி மயங்கவில்லை. கல்வியறிவால் முடிவு பிறழாதபடி தாங்களே உருவாக்கிய இன்னொரு முறையாலும் அளந்து பார்த்தார்கள். அந்த முறையில் எல்லா இடங்களிலும் நோயின் அளவு 5.6 சதவீதத்துக்கும் 11.7 சதவீதத்துக்கும் இடையில் இருந்தது. அமெரிக்க வரையறையில் சிக்காமல் இந்த முறையில் மட்டும் சிக்கியவர்களும் அன்றாட வாழ்வில் பெரிதும் முடங்கியிருந்தார்கள். நோய் இருந்தது, வரையறையின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? அந்த வரையறைப்படி, அறிவாற்றல் குறைந்தால் மட்டும் போதாது. முன்பு செய்துவந்த வேலையும் சமூக வாழ்வும் அதனால் கெட்டிருக்க வேண்டும். கெட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்லவும் வேண்டும். நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? “இந்த வயசுல அவங்களுக்கு இன்னா வேலைங்க, உக்காந்து சாப்புட வேண்டியதுதான்.” இதில் பொய் எதுவும் இல்லை. முதியவரிடம் வேலை எதிர்பார்க்காத வீட்டில் வேலை கெட்டது யாருக்கும் தெரியாது என்று ஆய்வாளர்களே விளக்கியிருக்கிறார்கள். நான் அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆண் ஓய்வுபெறும் நாளுக்குத் தேதி உண்டு. பெண்ணின் கையிலிருந்து கரண்டி எப்போது மாறியது என்பதற்குத் தேதி கிடையாது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த ஒருநாளில், “நீங்க போய் உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்” என்று மருமகள் சொல்லியிருப்பாள். வெளியாருக்கு அது மரியாதையாகத் தெரியும். உண்மையில் அது நோயின் முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம். வேலையாகவே எண்ணப்படாத ஒன்றை ஒருத்தி இழந்தால் அது இழப்பாகவும் எண்ணப்படாது. ஆயிரத்துக்கு மூன்று என்ற எண்ணில் இந்தக் கண்மறைவும் கலந்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

சி.டி.ஆர். அளவுகோலிலும் இதே சிக்கல் உண்டு. உடல் தளர்ச்சியாலோ வேறு காரணத்தாலோ வந்த குறையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மறதியால் வந்ததை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதி. ஆனால் கடினமான வீட்டு வேலைகளை அவர் விட்டுவிட்டாரா என்று கேட்கும்போது, விட்டாரா, விடச் சொன்னார்களா, வாங்கிக்கொண்டார்களா என்று பிரித்தறிய வேண்டியவர் எதிரே இருக்கும் களப்பணியாளர். அந்தக் குடும்பத்தின் உள்கட்டமைப்பு புரிந்தவரால்தான் அது முடியும்.

கல்வியின் கதையும் உண்டு. 1975 முதல் பரவலாகப் பயன்படும் சிறு மனநிலைச் சோதனையில் 30 மதிப்பெண். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய், ஒரு வாக்கியம் எழுது, இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரை என்பவையும் அதில் அடக்கம். லெக்கனமாப் சோதனையில் சேர அதில் குறைந்தது 22 வாங்கியிருக்க வேண்டும். பென்சிலே பிடித்திராத ஒருத்தி நோயால் தோற்கிறாளா, பள்ளிக்கு அனுப்பாத அப்பாவால் தோற்கிறாளா என்று அந்தத் தாள் சொல்லாது. இதை உணர்ந்து அரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலியும் உடன் ஆய்வாளர்களும், எழுத்தறியாதவர்களுக்கு ஏற்ற இந்திச் சோதனை ஒன்றை 1990-களில் உருவாக்கினார்கள். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் உண்டு. ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9.0 சதவீதம். நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல், படிக்காதவர்களிடம் கூடுதல்.

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகளை வைத்து டேவிட் ஸ்னோடன் 1986-இல் தொடங்கிய ஆய்வு புகழ்பெற்றது. மடத்தில் சேர்ந்த இளம் வயதில் அவர்கள் கைப்பட எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் கருத்துச் செறிவு குறைவாக இருந்தவர்களுக்கு, முதுமையில் இந்த நோய் அதிகமாகக் காணப்பட்டது. பெண்ணெழுத்தை வாசித்துப் பிழைப்பவள் என்ற முறையில் இது என்னை ஈர்த்தது. உடனே உறுத்தியது. தோல் ஷாப்புப் பாட்டியின் இருபதாவது வயதுக் குறிப்பு எங்கே இருக்கிறது? கைநாட்டுதான் இருக்கிறது.

கைநாட்டு என்றதும் ஒப்புதல் படிவம் நினைவுக்கு வருகிறது. மருத்துவச் சோதனைகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, தானே ஒப்புதல் தர இயலாதவருக்காகச் சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி கையெழுத்திடலாம். படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். புதிய மூலக்கூறு மருந்துகளின் சோதனையில், எளிதில் பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களிடம் ஒப்புதல் பெறும்போது ஒலி, ஒளிப் பதிவும் செய்ய வேண்டும். இந்தப் பாதுகாப்புகள் சும்மா வந்துவிடவில்லை. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்திட்டது அம்பலமானது. அங்கே நேரில் போய் விசாரித்து வெளியே சொன்னவர்களில் ‘சமா’ முதலான பெண்கள் அமைப்புகளும் உண்டு. 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையான அறிக்கை அளித்தது. நமக்காக நம் பெண்கள் போராடிப் பெற்றவற்றில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விதி இருந்தும் ஓர் இடைவெளி நிற்கிறது. நம் வழக்கத்தில் பாட்டிக்காகக் கையெழுத்திடுபவர் மகன். அழைத்து வந்து, காத்திருந்து, இரவில் விழித்திருப்பவள் மருமகள். உரிமை ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. ‘இந்தப் பொறுப்பை ஏற்க உனக்குச் சம்மதமா, உன் கூலிக்கு என்ன வழி’ என்று அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டாலொழிய, அந்த ஒப்புதல் பாதி ஒப்புதல். விதிப்படி ஒரு நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்க அந்த ஒருத்தியாவது வாய் திறக்க வேண்டும்.

படிவத்தின் தமிழைப் பற்றி. இப்படிவங்களைத் தமிழில் பெயர்த்த பின், இன்னொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஆங்கிலம் சேதமில்லாமல் திரும்பி வந்துவிட்டால் மொழிபெயர்ப்பு தேறிவிட்டது. இடையில் தமிழ் உயிரோடு இருந்ததா என்று பார்க்கும் கட்டம் பலவீனமானது. என் மாணவி கொண்டுவந்த தாளில் ‘நீங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்’ என்று இருந்தது. யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிப்பார்கள் என்பதே சொல்ல வந்தது. கேட்கிற பாட்டிக்கு, ஒழுங்கில்லாமல் ஒதுக்கிவைக்கப் போகிறார்கள் என்றுதான் கேட்கும். இன்னோரிடத்தில் ‘போலி மருந்து’. நம் ஊரில் போலி மருந்து என்றால் போலீஸ் பிடிக்கும் மருந்து. “நீ வீட்டுல எப்பிடிச் சொல்லுவ?” என்று மாணவியைக் கேட்டேன். “சீட்டு குலுக்கிப் போடற மாதிரி பாட்டி. ஒருத்தருக்கு மருந்து வரும், ஒருத்தருக்கு மருந்து இல்லாத வெறும் ஊசி வரும். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது” என்றாள். படிவத்தில் இருக்க வேண்டிய தமிழ் அது. அவளுடைய வாயில் இருக்கிறது. அனுமதி பெற்ற தாளில் இல்லை. இந்த ஆய்வுகளின் அறிவு மூலதனத்தில் ஒரு பகுதி இப்படிப்பட்ட பெண்களின் பேச்சில் இருக்கிறது என்பதை எந்தக் கட்டுரையும் ஆசிரியர் பட்டியலில் எழுதுவதில்லை.

இவ்வளவு சொல்வதால் மருத்துவம் வேண்டாம், சோதனை வேண்டாம் என்பது என் கட்சியாகிவிடாது. லாரன்ஸ் கோஹன் காசியில் தங்கி ஆராய்ந்து 1998-இல் எழுதிய நூல் காட்டுவது போல, முதியவர் நிலைதடுமாறினால் குடும்பம் சரியில்லை என்று சொல்வது இந்தியப் பேச்சுவழக்கு. குடும்பம் என்று சொன்னாலும் விரல் நீளுவது மருமகளை நோக்கித்தான். ஈழத்தில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பார்கள்; நம் பக்கம் ‘நெனப்பு தப்பிப் போச்சு’ என்பார்கள். இந்தச் சொற்களில் நோயும் இல்லை, குற்றவாளியும் இல்லை. ஆனால் பாட்டி வாசலில் நின்று “எனக்குச் சோறே போடல” என்று சத்தமிடும் நாளில் தெரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடும். சாப்பிட்டதை மறக்கவைக்கும் நோய் ஒன்று உண்டு என்று மருத்துவர் சொல்லும் ஒரு வாக்கியம் அந்த மருமகளை விடுவிக்கும். நோய்ப்பெயர் பெண்ணுக்குத் தேவை. சோதனைகளும் தேவை. லெக்கனமாப் சோதனையில் ஆண்களிடம் நோயின் வேகம் 43 சதவீதமும் பெண்களிடம் 12 சதவீதமும் குறைந்ததாகத் துணைக்கணக்கு ஒன்று காட்டியது. காரணம் உடலா, அளவுகோலா, தற்செயலா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது; அதைக் கண்டறிய அது வடிவமைக்கப்படவில்லை. பெண்களை வைத்து, பெண்களைப் பற்றிய கேள்வியோடு இன்னும் சோதனைகள் நடந்தால்தான் தெரியும்.

எந்தக் கேள்வியோடு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கோவாவில் கிடைக்கிறது. அமித் டயஸ், விக்ரம் படேல் முதலானோர் 81 குடும்பங்களில் ஒரு சோதனை நடத்தி 2008-இல் வெளியிட்டார்கள். சீட்டுக் குலுக்கல் முறைதான். ஆனால் சோதிக்கப்பட்டது மாத்திரை இல்லை. ஒரு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் ஆறு மாதம் வீட்டுக்கு வந்து போனார்கள். நோயைப் பற்றி விளக்கினார்கள். பராமரிப்பவரின் புலம்பலைக் கேட்டார்கள். எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். முடிவில் நோயாளியின் செயல்திறனில் பெரிய மாற்றமில்லை. பராமரிப்பவரின் மனநலம் தெளிவாகத் தேறியது.

அந்தப் பராமரிப்பவரின் மனநலத்தையே முதன்மை அளவாக எடுத்துக்கொண்டது அந்தச் சோதனை. மருந்துச் சோதனைகளில் பராமரிப்பவரின் சுமையை அளந்தாலும், அது பெரும்பாலும் துணைக்கணக்காகப் பின்னால் வரும். அங்கே அதுவே கேள்வியாக இருந்தது.

ஆகவே இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். நாளை நீங்கள் கோப்போடு ஒரு வீட்டுக்குள் போகலாம். அல்லது உங்கள் வீட்டுக்கே யாராவது கோப்போடு வரலாம். ஐந்தாவது கட்டத்துக்கு வரும்போது, ‘பொழுதுபோக்கு உண்டா’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முன்பு இந்த வீட்டில் என்னென்ன வேலைகள் இவர் செய்தார், ஒவ்வொன்றையும் எப்போது நிறுத்தினார், யார் வாங்கிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். வாங்கிக்கொண்டவளின் பெயரையும் கேளுங்கள். எழுத அந்தத் தாளில் இடமிருக்காது, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தெருப் பாட்டி கடைசிவரை மழைக்கு முன் தோலை எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மருமகள் வேலை முடிந்து வந்து, எல்லாத்தையும் எடுத்து வச்சாச்சு அத்தை என்று சொன்ன பிறகுதான் படுப்பார்.